மேலே இருப்பவர் கேட்ட கேள்வி

1544ஆம் ஆண்டின் கடைசியில் பிரான்சிஸ் சவேரியார் திருவிதாங்கூர்க் கரையோர முக்குவர் ஊர்களில் ஒரே மாதத்தில் பத்தாயிரம் பேருக்கு மேல் ஞானஸ்நானம் கொடுத்தார். இது அவரே எழுதிய கணக்கு. பூவாறு முதல் பள்ளம் வரை நீளும் அந்தக் கரையில், வள்ளியாறு கடலைச் சேரும் இடத்தை ஒட்டி இருக்கிறது கடியப்பட்டணம். மதம் மாறிய கதையாகவே இது சொல்லப்பட்டு வருகிறது. இதற்குள் ஒரு பள்ளிக்கூடக் கதையும் உண்டு. சவேரியார் ஊர் ஊராகச் செபங்களைத் தமிழில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். எழுதத் தெரிந்தவர்கள் படி எடுக்க வேண்டும், மற்றவர்கள் மனப்பாடம் செய்து தினமும் சொல்ல வேண்டும். கிழக்கே முத்துக்குளித்துறையில் பிள்ளைகளைக் கூட்டிச் சொல்லிக் கொடுக்கக் கணக்கப்பிள்ளைகளை வைத்தார். அவர்களுடைய சம்பளத்துக்கு அவர் வழி தேடிய விதம் வேடிக்கையானது. போர்ச்சுகல் ராணியின் பாதரட்சைச் செலவுக்கென்று அந்தத் துறையின் வருமானத்திலிருந்து ஆண்டுக்கு 4000 பணம் போய்க்கொண்டிருந்தது. அதைக் கேட்டு வாங்கினார். 1548இல் தம் சபைக் குருக்களுக்கு எழுதிய அறிவுரையில், கற்பிப்பவர்கள் ஒழுங்காக வேலை செய்கிறார்களா என்று நேரில் போய்ப் பார்க்கவும் சொன்னார். ஆசிரியர், சம்பளம், மேற்பார்வை என்று இன்றைய கல்வித் துறை கேட்கும் மூன்றும் இந்தத் தெற்குக் கடற்கரைக்கு அப்போதே தெரியும். ஆனாலும் பல தலைமுறையினர் செபத்தைத் தடங்கலின்றிச் சொன்னார்களே தவிர, எழுத்து சிலர் கையில்தான் இருந்தது. மேற்பார்வை தோற்றதால் அல்ல, பலித்ததால்தான் இப்படி ஆனது என்பேன். வந்து போன குரு பிள்ளைகளிடம் கேட்டது ஒப்பிப்பதை. ஒப்பிப்பு கிடைத்தது.

சில மைல் உள்ளே தள்ளி, 19ஆம் நூற்றாண்டில் வேறொரு கேள்வி கேட்கப்பட்டது. 1806இல் திருவிதாங்கூருக்கு வந்த லண்டன் மிஷன் ஊழியர் ரிங்கல்தௌபே மயிலாடியில் தொடங்கிய வேலையை, 1818இல் வந்த சார்லஸ் மீட் நாகர்கோவிலில் பெரிதாக்கினார். பள்ளி வந்தது, அச்சகம் வந்தது, மார்த்தா மால்ட் நடத்திய பெண்கள் பள்ளியும் வந்தது. லண்டன் மிஷனுக்கு வேதாகமத்தைத் தானே படிக்கத் தெரியாத விசுவாசி அரைகுறை விசுவாசி. அதனால் பள்ளியைப் பார்க்க வந்த மிஷனரி புத்தகத்தைத் திறந்து, வாசி என்றார். அந்தப் பள்ளிகளிலிருந்து வாசிப்பவர்கள் வந்தார்கள். அவர்களில் பலர் கிராமங்களுக்கு ஆசிரியர்களாகவும் போனார்கள்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு, லேசான மறுப்பும் அல்ல. உள்நாட்டில் கல்வி வளர்ந்ததற்குக் காரணம் பள்ளி மேற்பார்வை அல்ல, நாடார் மக்கள் தன்மானத்துக்காக நடத்திய போராட்டம். 1822இல் மூண்டு 1859 வரை நீண்ட தோள்சீலைக் கலகம் படிப்பை ஓர் ஆயுதமாக்கியது. கடற்கரையிலோ கரைமடி இழுக்கச் சிறு கையும் உதவும், படித்தவனுக்கென்று கடலில் தனி மீன்பாடு கிடையாது என்பார்கள். பாதி சரி. பிள்ளைகள் ஏன் பள்ளிக்கு வந்தார்கள் என்பதை இந்த வாதம் விளக்குகிறது, வந்தபின் என்ன கற்றார்கள் என்பதை விளக்கவில்லை. கடற்கரைப் பிள்ளைகளும் கூடத்தான் செய்தார்கள், கோயிலில், செபம் சொல்ல. கணக்கே தேவைப்படாத ஊர் என்றும் கடியப்பட்டணத்தைத் தள்ளிவிட முடியாது. 1980களில் அங்கே தங்கி ஆய்வு செய்த மானுடவியலாளர் கல்பனா ராம் 1991இல் வெளியிட்ட நூலில், ஆண்கள் கடலுக்குப் போக, கடன் வாங்குவதும் கொடுப்பதும் அடைப்பதும் பெண்கள் பொறுப்பில் இருந்ததை விரிவாகவே காட்டுகிறார்.

அரசாங்கம் கேள்வி கேட்கத் தொடங்கியபோதும் கதை மாறவில்லை. இங்கிலாந்தில் 1862இல் ராபர்ட் லோ ஒரு முறையைக் கொண்டுவந்தார். இன்ஸ்பெக்டர் ஆண்டுக்கொரு முறை வந்து ஒவ்வொரு பிள்ளையையும் சோதிப்பார், தேறிய தலைக்கு ஏற்ப மானியம். 1860களிலேயே சென்னை மாகாணமும் இதைப் பிடித்துக்கொண்டது. பாடப்புத்தகத்தை அட்டை முதல் அட்டை வரை உருப்போட வைப்பதே லாபம் என்று ஆசிரியர்கள் கண்டுகொண்டார்கள். இன்ஸ்பெக்டராகவே இருந்த கவிஞர் மேத்யூ ஆர்னால்டு இதைக் கடுமையாக எதிர்த்தார்; அங்கே நூற்றாண்டு முடிவதற்குள்ளும், இங்கே வைஸ்ராய் கர்சன் காலத்தை ஒட்டியும் அது கைவிடப்பட்டது. ஆசிரியரை அளக்கவே கூடாது என்பவர்கள் இன்றும் காட்டும் சான்று இதுதான். ஆனால் 2005இல் தொடங்கி ஆந்திர கிராமங்களில் பொருளியலாளர்கள் கார்த்திக் முரளிதரனும் வெங்கடேஷ் சுந்தரராமனும் நடத்திய பரிசோதனை இதை அப்படியே ஏற்க விடவில்லை. பிள்ளைகளின் முன்னேற்றத்துக்கு ஏற்ப ஆசிரியருக்கு ஊக்கத்தொகை கொடுத்த பள்ளிகளில் இரண்டு ஆண்டில் கணக்கும் மொழியும் உயர்ந்தன. ஊக்கத்தொகை இல்லாத அறிவியலும் சமூக அறிவியலும்கூட உயர்ந்தன. அங்கே வைத்த தேர்வு புத்தகத்தில் உள்ளதை மட்டும் கேட்கவில்லை, புரிந்ததா என்றும் கேட்டது. லோவின் இன்ஸ்பெக்டர் அதைக் கேட்டதில்லை.

பள்ளிக்குள் அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டியவர் தலைமை ஆசிரியர். அவர் என்ன செய்ய முடியும், அவர் கையில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கும் ஆதாரம் உண்டு. 2003இல் நாடெங்கும் அரசுப் பள்ளிகளுக்கு முன்னறிவிப்பின்றிப் போய்ப் பார்த்ததில் நான்கில் ஓர் ஆசிரியர் வேலையில் இல்லை. தொடர்ந்து வராத ஆசிரியரை நீக்கியதாகச் சொன்ன தலைமை ஆசிரியர், ஏறக்குறைய 3000 பள்ளிகளில் ஒரே ஒருவர். நிதி உதவி பெறும் பள்ளியில் நிலைமை இன்னும் சிக்கல்: சம்பளம் அரசு தரும், நியமனம் நிர்வாகம் செய்யும், நடுவில் நிற்பவர் தலைமை ஆசிரியர். பொருளியலாளர் நிக்கோலஸ் புளூமும் கூட்டாளிகளும் எட்டு நாடுகளில் 1800க்கும் மேற்பட்ட பள்ளிகளை ஆராய்ந்து 2015இல் வெளியிட்ட முடிவும் அவர் பக்கம்தான் பேசுகிறது: தன்னாட்சி உள்ள பள்ளிகளே நன்றாக நிர்வகிக்கப்பட்டன, இந்தியா அந்தப் பட்டியலில் கடைசி. அதிகாரம் குறைவு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு, இதுவரை பார்த்திராத ஒரு பக்கத்தை வாசிக்கச் சொல்ல எந்த ஆணையும் வேண்டியதில்லை. மத்தியப் பிரதேசத்தில் பள்ளி நிர்வாகத்தைச் சீராக்க ஒரு பெரிய திட்டம் வந்தது. ஒவ்வொரு பள்ளியையும் மதிப்பிட்டார்கள், முன்னேற்றத் திட்டம் எழுத வைத்தார்கள். முரளிதரனும் அபிஜீத் சிங்கும் 2020இல் வெளியிட்ட ஆய்வில், திட்டங்கள் ஒழுங்காக எழுதப்பட்டிருந்தன. கற்பித்தலும் மாறவில்லை, பிள்ளைகளின் கல்வியும் மாறவில்லை. மேலிருந்து கேட்டது காகிதம், வந்ததும் காகிதம்.

2011 கணக்கெடுப்பில் கன்னியாகுமரி மாவட்ட எழுத்தறிவு 91.75 விழுக்காடு, தமிழ்நாட்டில் முதலிடம். எழுத்தறிவு உள்ளவரா என்று கேட்டதற்கு வீட்டில் சொன்ன பதில் அது; யாரும் புத்தகத்தை நீட்டி வாசிக்கச் சொல்லவில்லை. இன்று பள்ளியின் பகல் பொழுதில் கணிசமான பங்கை கல்வித் துறையின் எமிஸ் இணையதளத்தில் விவரம் ஏற்றும் வேலை தின்கிறது என்று ஆசிரியர் சங்கங்கள் புகார் சொல்கின்றன. 2022இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டம், எட்டு வயதுக்குள் பிள்ளை வாசிக்கவும் அடிப்படைக் கணக்குப் போடவும் வேண்டும் என்கிறது. இரண்டும் ஒரே தலைமை ஆசிரியரின் மேசைக்குத்தான் வருகின்றன. தாமதமானால் உடனே தொலைபேசி வருவது எதற்கு என்று அவரிடம் கேட்டால், அந்தப் பள்ளியில் என்ன நடக்கிறது என்று தெரிந்துவிடும்.