தடைப்பட்டியலில் பற்றரி

யாழ்ப்பாணம் சோனகத் தெருவில் எமது தலைமுறைக்குக் கார்ட்டூன் முதலில் தாளில்தான் வந்தது. 1972இல் தொடங்கிய முத்து காமிக்ஸின் இரும்புக்கை மாயாவியைக் கிதாபுக்குள் மறைத்து வாசித்தவர்கள் எங்களில் உண்டு. 1970-77 ஆட்சியின் இறக்குமதிக் கட்டுப்பாட்டால் தமிழ்நாட்டுச் சஞ்சிகைகளின் வரவு குறைந்தபோது, கிழிந்த பிரதியொன்று பத்து வீடு சுற்றியது. அக்கட்டுப்பாட்டால் ஈழத்துப் பதிப்புத்துறை சற்று நிமிர்ந்தது உண்மைதான். பிள்ளைகளின் ஆசை மட்டும் குறையவில்லை.

1982இல் ரூபவாஹினி வந்ததும் மூத்தோரின் கவலை திரைக்கு மாறியது. 2001இல் சவூதி அரேபியா, சூதாட்டத்தைத் தூண்டுவதாகக் கூறிப் போக்கிமோனைத் தடைசெய்தது. எம்மிடையேயும் அத்தகைய தடையை விரும்புவோர் உளர். பார்ப்பதைப் பிள்ளை பின்பற்றும் என்ற அவர்களது அச்சத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் அவர்கள் எமது 1990ஐயும் நினைக்கவேண்டும்.

அவ்வாண்டு ஜூனில் போர் மீண்டும் மூண்டது, மின்சாரம் நின்றது. பின்னர் பொருளாதாரத் தடைப்பட்டியலில் பற்றரியும் சேர்ந்தது. சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டது யாழ்ப்பாணம். எந்தத் தணிக்கைச் சபையாலும் இந்த அளவுக்குத் திரையை இருட்டாக்கியிருக்க முடியாது. பிள்ளைகள் சாந்தமானார்களா? எங்கள் ஒழுங்கையில் ஒருவன் கைகளை விரித்துப் பொம்மராவான்; மற்றவர்கள் பங்கருக்கு ஓடுவார்கள். பூவரசந்தடி துவக்காகும்.

ஒக்டோபர் 30இல் எம்மை வெளியேற்றினார்கள். புத்தளத்து ஓலைக் கொட்டில்களில் அதே பிள்ளைகள் வேறு விளையாட்டுக் கண்டுபிடித்தார்கள். ஒருவன் வழிமறிப்பான், மற்றவன் தன் பையைத் திறந்து காட்டுவான்.