சொறி பிடித்த நாய்க்குட்டி: விரட்டுவதற்கு முன் அறிய வேண்டியவை

எங்கள் பேச்சில் ‘சொறிநாய்’ என்பது வசைச்சொல். அதனால்தானோ என்னவோ, முடி கொட்டித் தோல் தடித்த ஒரு நாய்க்குட்டி தெருவுக்கு வந்தால், அதற்கு வைத்தியம் உண்டு என்ற எண்ணமே பலருக்கு வருவதில்லை. கல்லெறிந்து விரட்டுவார்கள். இரக்கமுள்ளவர்கள் வாகனம் திருத்தும் இடத்தில் கழிவு ஒயில் வாங்கி வந்து பூசுவார்கள். நான் பாண்டிருப்பில் வசிக்கிறேன். மருதமுனை முதல் சாய்ந்தமருது வரை மீன்வாடிகளை அண்டி வாழும் நாய்களைச் சில வருடங்களாகக் கவனித்து வருகிறேன். நான் மிருக வைத்தியர் அல்ல. குட்டிகளை வைத்தியர்களிடம் கொண்டுபோய்க் கேட்டு அறிந்தவற்றையும் வாசித்து அறிந்தவற்றையும் இங்கே தருகிறேன்.

ஒரு பெயர், இரண்டு நோய்கள்

நாம் ‘சொறி’ என்று ஒரே பெயரில் அழைப்பது, இளம் நாய்களைப் பொறுத்தவரை பெரும்பாலும் இரண்டு வெவ்வேறு நோய்களில் ஒன்று. இரண்டுக்கும் காரணம் கண்ணுக்கு எளிதில் தெரியாத சிற்றுண்ணிகள். ஒன்று தொற்றும், மற்றையது தொற்றாது. எது என்று தெரியாமல் மருந்தைத் தொடங்கக்கூடாது.

முதலாவது சார்கொப்டிஸ் என்னும் சிற்றுண்ணியால் வருவது. பெண் உண்ணி தோலைக் குடைந்து உள்ளே முட்டையிடும். முட்டை முழு உண்ணியாக வளர இரண்டு அல்லது மூன்று வாரமாகும். அடையாளம், தாங்க முடியாத அரிப்பு. குட்டி இரவு பகலாகச் சொறியும், நித்திரை கொள்ளாது, மெலியும். காது ஓரம், முழங்கை, பின்கால் மூட்டு, வயிறு ஆகிய இடங்களில் முடி உதிர்ந்து பொருக்குத் தட்டும். காது ஓரத்தை விரல்களுக்கிடையில் வைத்துத் தேய்த்தால் பின்காலைத் தூக்கிச் சொறிய முனையும். வைத்தியர்களும் செய்து பார்க்கும் சோதனை இது. இந்நோய் மற்ற நாய்களுக்கு வேகமாகத் தொற்றும்.

இரண்டாவது டெமொடெக்ஸ் என்னும் சிற்றுண்ணியால் வருவது. சுருட்டு வடிவிலான இது முடிக்கால்களுக்குள் வாழும். பிறந்த முதல் சில நாட்களில், பால் குடிக்கும்போது தாயிடமிருந்து குட்டிக்கு வந்து சேரும். நல்ல சுகமான நாயின் தோலிலும் இது கொஞ்சம் இருக்கும். குட்டியின் எதிர்ப்புச் சக்தி தளரும்போதுதான் பெருகி நோயாகிறது. கண்ணைச் சுற்றியும், வாயோரத்திலும், முன்கால்களிலும் வட்ட வட்டமாக முடி உதிரும். ஆரம்பத்தில் அரிப்பு குறைவு. மனிதருக்குத் தொற்றாது. வளர்ந்த நாய்களுக்கும் தொற்றுவதில்லை.

தோலைச் சுரண்டிப் பார்த்தல்

எந்த நோய் என்று உறுதிசெய்ய, வைத்தியர் தோலை ஒரு கூரிய அலகால் சுரண்டி நுணுக்குக்காட்டியில் பார்ப்பார். டெமொடெக்ஸ் இருந்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும். சார்கொப்டிஸ் ஒளிந்துகொள்ளும். அது தென்படவில்லை என்பதால் இல்லை என்று முடிவு செய்ய முடியாது. அதனால் அறிகுறிகளை வைத்தே மருந்து தொடங்குவதும் உண்டு. பூஞ்சண நோயும் தெள்ளுக்கடியும் இதே தோற்றத்தைத் தரலாம் என்பதால், படம் பார்த்துத் தீர்மானிப்பதைவிட நேரில் காட்டுவதே நல்லது.

வைத்தியம்

டெமொடெக்ஸ் இரண்டு மூன்று இடங்களில் மட்டும் இருந்தால், பெரும்பாலான குட்டிகளுக்கு ஒன்றிரண்டு மாதத்தில் தானாகவே மாறிவிடும். பூச்சி மருந்தும் நல்ல சாப்பாடும் அதற்குத் துணை. உடல் முழுவதும் அல்லது பாதங்களுக்குப் பரவினால் மருந்து கட்டாயம். முடி வளர்ந்துவிட்டது என்று நிறுத்தக்கூடாது. ஒரு மாத இடைவெளியில் இரண்டு தடவை சுரண்டிப் பார்த்து, இரண்டிலும் உண்ணி இல்லை என்றான பிறகே நிறுத்துவார்கள். உடல் முழுவதும் பரவிய நோய்க்குப் பரம்பரைத் தன்மை உண்டு என்பதால், அப்படிப்பட்ட நாயைக் குட்டி போட விடாமல் கருத்தடை செய்வது நல்லது.

சார்கொப்டிஸ் வேறு விதம். போரிலும் 2004 ஆழிப்பேரலையிலும் இடம்பெயர்ந்து முகாம்களில் நெருங்கிப் படுத்தவர்களுக்குச் சொறி புதிதல்ல. ஒரு பிள்ளைக்கு மட்டும் மருந்து பூசினால் மாறாது, கூடப் படுக்கும் எல்லோரும் ஒரே நாளில் பூச வேண்டும் என்று அன்று சொல்லப்பட்டது. நாய்க்கும் அதே விதிதான். கூடத் திரியும் எல்லா நாய்களுக்கும் மருந்து கொடுக்க வேண்டும். படுத்த சாக்கை எரித்துவிட வேண்டும். துணியைக் கொதிநீரில் துவைத்து வெயிலில் காயவிட வேண்டும்.

இன்று இரண்டு நோய்களுக்கும் நன்றாக வேலை செய்பவை அபொக்சோலனர், சரோலனர், புளூரலனர் ஆகிய மாத்திரைகள். முதல் இரண்டும் மாதம் ஒருமுறை, மூன்றாவது ஏறத்தாழ 12 வாரத்துக்கு ஒருமுறை. 8 வாரம் நிறையாத, 2 கிலோவுக்குக் குறைந்த குட்டிக்கு அபொக்சோலனர் கொடுப்பதில்லை. மற்றவற்றுக்கும் வயது, எடை எல்லைகள் உண்டு. இவை சில நாய்களுக்கு வலிப்பை உண்டாக்கலாம் என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 2018 இல் எச்சரித்தது. குட்டிக்கு முன்பு வலிப்பு வந்திருந்தால் வைத்தியரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

பழைய மருந்து ஐவர்மெக்டின். யப்பானிய மண்ணில் கிடைத்த ஒரு நுண்ணுயிரிலிருந்து பிறந்த இம்மருந்துக்காக 2015 இல் வில்லியம் கம்பெல், சதோஷி ஓமுரா இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. நல்ல மருந்துதான். ஆபத்து அளவில் இருக்கிறது. மாட்டுக்குப் போடும் 1 வீத ஊசி மருந்தின் 1 மில்லிலீற்றரில் 10 மில்லிகிராம் உண்டு. சார்கொப்டிஸுக்கு ஒரு கிலோவுக்கு 0.2 மில்லிகிராம் என்று கணக்கிட்டால், 3 கிலோ குட்டிக்கு வேண்டியது 0.06 மில்லிலீற்றர் மட்டுமே, அதாவது ஏறத்தாழ ஒரு துளி. ‘அரை ஊசி’ என்று கண்மட்டத்தில் 0.5 மில்லிலீற்றர் போட்டால் எட்டு மடங்கு கூடிவிடும். தள்ளாட்டம், எச்சில் வடிதல், பார்வை மங்கல், மயக்கம், மரணம் என்று அது போகும். கொலி இன நாய்களுக்கும் அவற்றின் கலப்பினங்களுக்கும் குறைந்த அளவே நஞ்சாகலாம். மாடு வளர்ப்பவரிடம் இரவல் வாங்கி இந்த ஊசியைப் போடாதீர்கள்.

செய்யக்கூடாதவை

கழிவு ஒயில், மண்ணெண்ணெய், வயலுக்கு அடிக்கும் பூச்சிநாசினி எதையும் பூசாதீர்கள். புண்ணான தோல் வழியாக நஞ்சு உள்ளே போகும், நக்கும்போது வயிற்றுக்கும் போகும். பாமசியில் அரிப்புக்கு வாங்கும் பீற்றாமெதசோன் கிறீமும், பிரெட்னிசொலோன் மாத்திரையும் டெமொடெக்ஸைப் பெருக்கும். அரிப்பு அடங்கியது போல் தெரியும், சில வாரத்தில் நோய் உடல் முழுவதும் பரவும்.

வீட்டில் பூனை இருந்தால் இன்னொரு கவனம். பெர்மெத்ரின் கலந்த நாய் மருந்து பூனையைக் கொல்லும். நாயைவிடப் பூனை அதிகம் உள்ள எங்கள் ஊர்களில் இதை மறக்கக்கூடாது.

வீட்டில் உள்ளவர்கள்

சார்கொப்டிஸ் உள்ள நாயைத் தூக்கியவருக்குக் கையிலும் வயிற்றிலும் சிவந்த, அரிக்கும் பருக்கள் வரலாம். நாயின் உண்ணி மனிதத் தோலில் பெருகி நிலைக்காது. நாய் குணமானதும் இதுவும் மாறும். மாறாமல் விரலிடுக்கில் அரித்து, இரவில் கூடி, வீட்டில் பலருக்கும் வந்தால் அது மனிதருக்குரிய சொறியாக இருக்கலாம். வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

ஷாபிஈ மத்ஹபைப் பின்பற்றும் அயல் வீடுகளில், நாயின் எச்சிலும் ஈரமும் பட்டால் ஒருமுறை மண்ணோடு ஏழு முறை கழுவ வேண்டும் என்பார்கள். அதனால் உதவ மனமிருந்தும் தயங்குவார்கள். தாகத்தில் தவித்த நாய்க்குத் தண்ணீர் கொடுத்தவருக்குப் பாவம் மன்னிக்கப்பட்ட ஹதீஸையும் அவர்களே எனக்குச் சொன்னார்கள். இரண்டுக்கும் இடையில் வழி இருக்கிறது. மாத்திரையைச் சாப்பாட்டுக்குள் வைத்துத் தனிக் கோப்பையில் போட்டால் குட்டியைத் தொடவே தேவையில்லை. எடை பார்க்க, பிளாஸ்ரிக் கூடையில் ஏற்றி நிறுத்துக் கூடையின் எடையைக் கழித்தால் போதும். கட்டாயம் தொட வேண்டியிருந்தால் கையுறை போடுங்கள். அது நோயிலிருந்தும் காக்கும்.

எங்கே போவது

முதலில் உங்கள் பகுதி அரச கால்நடை வைத்திய அலுவலகத்தில் கேளுங்கள். அங்கே மாடு, ஆடு, கோழிதான் பார்ப்பார்கள் என்ற எண்ணம் வேண்டாம். எப்போது நாயைக் கொண்டுவரலாம், எந்த மருந்தை வெளியில் வாங்க வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போனால் அலைச்சல் குறையும். அதே பயணத்தில் விசர்நாய்க்கடித் தடுப்பூசி பற்றியும் கேளுங்கள். குட்டி கடித்தாலோ, புண்ணில் அதன் எச்சில் பட்டாலோ, சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, உடனே வைத்தியசாலைக்குப் போங்கள்.

சரியான மருந்து போனால் அரிப்பு சில வாரத்தில் அடங்கும். முடி மூட இரண்டு மூன்று மாதம் எடுக்கும். அதுவரை அந்தக் குட்டி பார்க்க அருவருப்பாகத்தான் இருக்கும். அயலவர்களிடம் ‘மருந்து நடக்கிறது, அடிக்காதீர்கள்’ என்று ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.