பல் பிடித்துப் பார்த்த வேன்

சேலம் ஜில்லாவின் தென்பகுதியில் பிறந்தவர்களுக்கு ரயில் என்பது நெடுங்காலம் வரையில் அயலூர்க்காரர்களின் சௌகரியமாகவே இருந்துவந்தது. சென்னையிலிருந்து மேற்குக் கடற்கரையை நோக்கி 1860-களின் தொடக்கத்தில் போடப்பட்ட இருப்புப் பாதை, சேலத்தைத் தொட்டு, சங்ககிரி, ஈரோடு என்று திரும்பிவிட, ஏறக்குறைய 50 கிலோமீட்டர் தெற்கேயுள்ள நாமக்கல், 1997-ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதியில் தனி மாவட்டமாகி, அதற்குப் பின்னும் பதினாறு வருஷம் பொறுத்து, 2013-ஆம் ஆண்டு மே மாதத்தில் சேலம்–கரூர்ப் பாதை திறக்கப்பட்ட பிறகே ரயிலைக் கண்டது. ஆகையால், பழனிக்குக் காவடி கொண்டுபோவதானாலும், பேரப்பிள்ளைக்குக் காது குத்தக் காவிரிக்கு அப்பால் காங்கயம் நாட்டிலுள்ள குலதெய்வத்தின் சந்நிதிக்குப் போவதானாலும், பவானி கூடுதுறையில் பித்ரு கர்மம் செய்யப் போவதானாலும், கிழவி முதல் கைக்குழந்தை வரையில் குடும்ப சமேதமாகப் புறப்படுகிறவர்களுக்குச் சாலையைத் தவிர வேறு கதி இருக்கவில்லை. சாலையை நம்பியவன் வாகனத்தை நம்பியாக வேண்டும்; நம்புவதற்கு முன் அதைப் பரீட்சிக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

மோட்டார் வருவதற்கு முன்னர், வசதியுள்ள குடியானவர் வீட்டு வாசலில் கூண்டு கட்டிய வில்வண்டி ஒன்று நிற்கும். வண்டியைத் தச்சன் செய்து கொடுத்துவிடுவான். அச்சுக்கு மை போட்டுக் கடையாணியைச் சரிபார்த்துவிட்டால் அதைப் பற்றிய கவலை தீர்ந்தது. கவலையெல்லாம் மாட்டைப் பற்றித்தான். அந்தியூர் குருநாதசுவாமி கோயிலின் ஆடிச் சந்தையிலோ, கண்ணபுரம் மாரியம்மன் கோயில் சந்தையிலோ, வாரந்தோறும் நாமக்கல்லுக்கு அருகே கூடும் புதன்சந்தையிலோ ஒரு ஜோடிக் காளையை விலை பேசுகிறவர், முதலில் உதட்டை விலக்கிப் பல்லைப் பார்ப்பார். பால்பல் விழுந்து இரண்டிரண்டாக முளைக்கும் பற்களைக் கொண்டு இரண்டு பல், நாலு பல், ஆறு பல், கடை சேர்ந்தது என்று வயதைக் கணக்கிடலாம்; கடை சேர்ந்த பிறகு தேய்மானத்தைக் கண்டு ஊகிக்க வேண்டியதுதான். வியாபாரி கொம்பைச் சீவி எண்ணெய் பூசி, கிழட்டு மாட்டை வாலிபமாக்கிக் கொண்டுவந்து நிறுத்தியிருப்பான். ஆனால் பல் பொய் சொல்லாது.

பல்லுக்குப் பிறகு சுழி. நெற்றியில், திமிலில், முதுகில் மயிர் சுழித்திருக்கும் இடங்களுக்கெல்லாம் பெயர் உண்டு. ஏறுபூரான் வீட்டுக்கு நல்லது, இறங்குபூரான் ஆகாது, பாடைச் சுழியுள்ள மாட்டைப் பட்டியிலேயே சேர்க்கலாகாது என்பன போன்ற சாஸ்திரங்கள் உண்டு. இவற்றை மூடநம்பிக்கையென்று தள்ளிவிடுவது மிகவும் சுலபம். நானும் ஒருகாலத்தில் அப்படித் தள்ளியவனே. பின்னர் யோசித்துப் பார்த்ததில், சுழியைத் தேடுகிற சாக்கில் அந்த மனிதர் மாட்டைத் தலை முதல் வால் வரையில் நான்கு முறை சுற்றி வந்துவிடுகிறார் என்பதும், அப்படிச் சுற்றி வருகையில் நுகத்தடிப் புண்ணும், கண்ணில் பூ விழுந்திருப்பதும், பின்னங்காலை இலேசாக இழுத்து வைப்பதும் தாமாகவே அவர் கண்ணில் பட்டுவிடுகின்றன என்பதும் விளங்கின. சுழி பலித்ததோ இல்லையோ, அதைப் பார்க்கும் பொறுமை பலித்தது.

அந்தப் பொறுமை எங்கே போயிற்று என்றால், லாரிப் பட்டறைக்குப் போயிற்று. மழையை நம்பி மானாவாரி விவசாயம் செய்த இந்தச் சமவெளியில், சுதந்திரத்துக்குப் பிந்திய தசாப்தங்களில், நிலத்தை விற்றும் அடகு வைத்தும் லாரி வாங்கியவர்கள் பெருகினர். நாமக்கல்லில் லாரிக்குக் கூடு கட்டும் தொழில் வேரூன்றியது; சங்ககிரி லாரிகளால் நிறைந்தது; திருச்செங்கோடு ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளால் வடநாடு வரையில் பெயர் பெற்றது. இவற்றைச் சார்ந்து டிங்கர், பெயிண்டர், ஸ்பிரிங் பட்டைக்காரர், பம்ப்பு மெக்கானிக், தையல்காரர் என்று ஒரு தொழிற்சமூகமே நெடுஞ்சாலையின் இருமருங்கிலும் குடியேறியது. குடும்பத்துக்கென்று பழைய வேன் வாங்க நினைத்தவனுக்கு இதைவிடப் பெரிய பாக்கியம் வேறில்லை. பிற ஊர்களில் தரகரின் வாக்கை நம்ப வேண்டும். இங்கே ஒவ்வொரு குடும்பத்திலும் மாமனோ மச்சானோ ஒருவர் ஸ்டியரிங்கைப் பிடித்தவராகவோ ஸ்பானரைப் பிடித்தவராகவோ இருப்பார்.

பஜாஜ் டெம்போ கம்பெனியார் ஜெர்மானிய மாதிரியைத் தழுவிச் செய்த மெட்டடோர்தான் முதலில் இந்தப் பக்கத்துக் குடும்பங்களின் யாத்திரைகளில் இடம்பிடித்தது. 1984-இல் வந்த மாருதி வேன், முன்னிருக்கைக்கு அடியில் 796 சி.சி. பெட்ரோல் இன்ஜினை வைத்துக்கொண்டு ஊருக்குள் ஓடியாடத் தக்கதாக இருந்ததேயன்றி, பத்துப் பேரும் ஒரு மூட்டை அரிசியும் ஏறுகிற நெடும்பயணத்துக்கு உகந்ததன்று என்பது என் அபிப்பிராயம். மெர்சிடிஸ் பென்ஸ் வேனின் வழித்தோன்றலான டெம்போ டிராவலர் 1987-இலும், டாட்டா சுமோ 1994-இலும் வந்தன. 2000-த்தில் வந்த டொயோட்டா குவாலிஸ் ஐந்தே வருஷத்தில் நிறுத்தப்பட்டது. நிறுத்திய பின்னரும் அதன் மதிப்புக் குறையாததற்குக் காரணம், கிலோமீட்டர் கணக்குத் தலைசுற்றும் அளவுக்குப் போன பிறகும் அதன் டீசல் இன்ஜின் உழைத்ததுதான்.

பழைய வேனைப் பார்க்கப் போகிறவர் என் பெரியப்பாவாக இருந்தால், மீட்டரைத் திரும்பியும் பார்க்கமாட்டார். அது சீவிய கொம்பு. கிளச்சு, பிரேக் பெடல்களின் ரப்பர் தேய்ந்திருக்கிறதா, ஸ்டியரிங் வளையம் வழவழத்திருக்கிறதா என்று பார்ப்பார், அதுதான் பல். இராத்திரி முழுவதும் குளிர்ந்து கிடந்த இன்ஜினைத் தம் கண்ணெதிரில் ஸ்டார்ட் செய்யச் சொல்லி, ஹீட்டர் பிளக் சூடேறும் வரையில் காத்திருந்து, புகையின் நிறத்தைக் கவனிப்பார்: நீலமானால் ஆயில் எரிகிறது, சூடேறிய பின்னும் வெள்ளை ஓயாவிட்டால் தண்ணீர் உள்ளே போகிறதோ என்று ஐயப்படவேண்டும், ஏற்றத்தில் கன்னங்கரேலென்று தள்ளினால் பம்ப்பையும் நாசிலையும் பார்க்கவேண்டும். பிறகு ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, அங்கிருந்து வரும் காற்றின் வேகத்தை உள்ளங்கையால் அறிவார். கடைசியில் விரல் முட்டியால் பாடி நெடுகத் தட்டிக்கொண்டே வருவார், தகரத்தின் கணீரென்ற ஓசை மந்தமான இடத்தில் நின்று, "இங்கே பட்டி போட்டிருக்குதுங்களே, எங்கே இடிச்சுதுங்க?" என்று மிகவும் சாந்தமாகக் கேட்பார். சுழி கிடைத்துவிட்டது.

ஆர்.சி. புத்தகம், சாஸி நம்பர், கடன் தீர்ந்ததற்கான சான்று ஆகியவற்றையெல்லாம் பார்ப்பதும் இதில் சேர்ந்ததுதான். சொந்த உபயோகத்து வண்டிக்குப் பதினைந்து வருஷத்துக்குப் பின் ஐந்து ஐந்து வருஷமாகப் பதிவைப் புதுப்பிக்க வேண்டியிருப்பதால், பதினான்கு வயது வேன் மலிவாகக் கிடைப்பதன் ரகசியம் எல்லோருக்கும் தெரியும். ஓட்டிப் பார்ப்பதற்கு மட்டும் அவருக்குச் சமதரை போதாது; தொப்பூர்க் கணவாயில் ஏற்றி இறக்கினால்தான் திருப்தி. கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளுக்குக் கூப்பிட்டால் எந்தச் சொந்தக்காரனும் சாவியைக் கொடுக்கமாட்டான் என்பதை அவரும் அறிவார்.

ஒரு நாள் நாமக்கல்லுக்கு வெளியே ஒரு பட்டறையில் பன்னிரண்டு வயதான டெம்போ டிராவலர் ஒன்றை இவ்விதமெல்லாம் அவர் பார்த்து முடித்தார். விற்க வந்தவன் சேலத்து இளைஞன். கையில் போனும், போனில் அவ்வண்டியின் போட்டோக்களும் வைத்திருந்தான். பெரியப்பா தோளிலிருந்த துண்டை எடுத்து உதறி, அவன் வலக்கையின்மீது போட்டு, துண்டுக்குள் தம் கையை நுழைத்து அவனது மூன்று விரல்களை அழுத்திப் பிடித்து, பிறகு ஒரு விரலைப் பாதியில் மடக்கினார். புதன்சந்தையில் நாற்பது வருஷம் இப்படியே விரல்களால் விலை பேசி மாடு வாங்கியவர் அவர். பையன் சிறிது நேரம் திகைத்து நின்றுவிட்டு, அவருக்கு என்னவோ உடம்புக்கு முடியவில்லை என்று நினைத்துக்கொண்டு, "உக்காருங்க தாத்தா, தண்ணி கொண்டாரட்டுங்களா?" என்றான்.