உயிலில் இல்லாத ஒரு சொல்

ஜெலுத்தோங்கிற்கு அண்மையில், ஆயர் ஈத்தாம் சாலையருகே சஃபோக் மாளிகை நிற்கிறது. அந்நிலம் ஒரு காலத்தில் பிரான்சிஸ் லைட்டின் மிளகுத் தோட்டம். 1786இல் பினாங்கில் பிரித்தானியக் கொடியை ஏற்றி, அதன் முதல் கண்காணிப்பாளராய் விளங்கியவர் அவர். மார்த்தினா ரோசல்ஸ் என்னும் அம்மையார் 1772 முதல் அவருடன் இல்லறம் நடத்தி மக்களையும் பெற்றார்.

1794 அக்டோபரில் லைட் மறைந்தார். அவர்தம் உயில் சஃபோக் தோட்டத்தை மார்த்தினாவுக்கே அளித்தது. ஆயினும் அவரை ‘மனைவி’ என்று குறிக்கவில்லை. தம்முடன் வாழ்ந்து வந்தவர் என்றே குறித்தது. அவர்கள் மணம் புரிந்ததைக் காட்டும் பதிவேடும் கிடைத்திலது.

உயிலை நிறைவேற்றும் பொறுப்பு, லைட்டின் வணிகக் கூட்டாளி ஜேம்ஸ் ஸ்காட்டிடமும் வில்லியம் ஃபேர்லியிடமும் இருந்தது. குறை நேரின் முறையிடத் தீவில் அரச நீதிமன்றம் இல்லை; பினாங்கு நீதிச் சாசனம் பெற்றது 1807இல்தான். மார்த்தினா பின்னர் ஜான் டிம்மரை மணந்தார். தோட்டமோ கைமாறி, பிற்கால ஆளுநர் பிலிப்ஸின் உடைமையாயிற்று.

லைட்டின் பெயரை ஜார்ஜ் டவுனில் ஒரு தெரு இன்றும் தாங்கி நிற்கிறது. மார்த்தினாவுக்கோ அவர் கொடுத்த நிலமும் நிலைக்கவில்லை. கொடுப்பவர் மனம் மட்டும் போதாது. கொடுத்ததைக் காக்கும் சட்டமும் வேண்டும் என்பதே இவ்வரலாறு நமக்கு உணர்த்தும் பாடமாகும்.