வியாழன் வீட்டு விளக்கு

கதை எழுதுகிறவனுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. பாதி கேட்டதுமே முடிவைத் தீர்மானித்துவிடுவான். வியாழக் கிரகத்தின் துருவ ஒளியைப் பற்றிப் படிக்கத் தொடங்கியபோது நானும் அப்படித்தான் ஏமாந்தேன்.

பூமியின் துருவப் பகுதிகளில், இரவு வானத்தில் பச்சைத் திரைபோல ஓர் ஒளி ஆடுகிறது. அதற்கு மூலகாரணம் சூரியனிலிருந்து வீசும் மின் துகள்கள். வியாழனிலும் அதே கதைதானே? இல்லை!

முதலில் கிடைத்த தடயம் ஒளியல்ல, ஓசை. 1955-இல் அமெரிக்காவின் மேரிலாந்தில், வயல்வெளியில் நட்ட கம்பிகளைக் கொண்டு பெர்னார்டு பர்க், கென்னத் ஃபிராங்க்ளின் என்ற இருவர் விண்ணின் ரேடியோ அலைகளைப் பதிவு செய்துவந்தார்கள். நடுவே ஒரு கரகரப்பு. பண்ணையாள் எவனோ நேரங்கழித்து மோட்டாரில் வீடு திரும்புகிறான் என்று வேடிக்கையாகப் பேசிக்கொண்டார்கள். கரகரத்தவர் வியாழ பகவான்! அவரிடம் பலத்த காந்த சக்தி இருக்கிறது என்பதற்கு அது அடையாளம்.

காந்தம் இருந்தால் துருவ ஒளியும் இருக்கலாம். ஆனால் வியாழனிலுள்ள ஹைட்ரஜன் பளிச்சென்று ஒளிர்வது புற ஊதாவில். அதை நம் காற்று மண்டலம் தரைக்கு விடுவதில்லை. கருவிதான் மேலே போக வேண்டும். 1979 மார்ச்சில் வாயேஜர் 1 வியாழனைக் கடந்தபோது, அதன் புற ஊதாக் கருவி துருவ ஒளியைக் கண்டுகொண்டது. அதே பயணத்தில், வியாழனின் சந்திரன் ஒன்றில் எரிமலைகள் குமுறுவதும் தெரிந்தது. அந்தச் சந்திரனின் பெயர் ஐயோ. நான் வேடிக்கை செய்யவில்லை. கிரேக்கக் கதையில் வரும் ஒரு பெண்ணின் பெயர் அது.

ஐயோ விநாடிக்குச் சுமார் 1 டன் பொருளை வெளியில் இறைக்கிறது. அது மின்னேற்றம் பெற்று, 10 மணி நேரத்துக்குள் தன்னைத்தானே சுற்றிவிடும் வியாழனின் காந்தப் பிடியில் சிக்கிச் சுழல்கிறது. சூரியனுக்கும் பங்கு உண்டு; ஆனாலும் அந்த விளக்குக்குப் பெரும்பாலான எண்ணெய் வீட்டுக்குள்ளிருந்தே வருகிறது.

இத்துடன் கதை முடிந்தது என்றுதான் நினைத்தேன். 2016 ஜூலையில் வியாழனை அடைந்த ஜூனோ, துருவங்களுக்கு மேலேயே பறந்து பார்த்தது. 4 லட்சம் வோல்ட் வரை மின்னழுத்தம் இருக்கக் கண்டது. பூமியில் மிகப் பிரகாசமான துருவ ஒளியை உண்டாக்குவது இத்தகைய அழுத்தந்தான். வியாழனிலோ, ஒளி மிகப் பிரகாசமாக இருக்கும் இடத்தில் துகள்களை முடுக்குவது இது அல்ல. தாறுமாறான வேறொரு கொந்தளிப்பு. 2017-இல் இது வெளியானதும் விஞ்ஞானிகளே திகைத்தார்கள்.

என் மேஜைமேல் பாதி எழுதிய நாவல் ஒன்று கிடக்கிறது. அதன் நாயகி ஏன் அழுகிறாள் என்று முதல் அத்தியாயத்திலேயே தீர்மானித்திருந்தேன். நேற்று இரவு அந்தப் பக்கங்களைக் கிழித்துப் போட்டேன்.