பழைய மசில் காருக்குப் புதிய வலு: எதை முதலில் மாற்றுவது?

கனடாவில் வளர்ந்த எமது பிள்ளைகள் சிலருக்கு வட அமெரிக்காவின் பழைய மசில் கார்கள் மீது தீராத ஆசை. அகதிகளாக வந்து இறங்கிய எமக்குக் கார் என்பது வேலைக்குப் போய்வரும் ஒரு சாமான் மட்டுமே. ஆகவே "இந்தக் கிழட்டுக் காருக்கு இவ்வளவு காசா?" என்று வீட்டில் சண்டை வருவது வழமை. சண்டையை விட, எந்தச் செலவு எதற்கு என்று அறிந்து பக்கத்தில் இருந்து கணக்குப் பார்ப்பது நல்லது. எங்கள் வீட்டு 1969 செவர்லே கமாரோவுக்குக் கணக்கு எழுதியதில் நாம் கற்றவற்றை இங்கே தருகிறோம்.

குதிரைவலு என்ற எண்

நடுத்தர அளவு உடலில் பெரிய வி-8 எஞ்சினைப் பூட்டியதே மசில் கார். 1964இன் பொன்ரியாக் ஜி.ரி.ஓ. இதற்குப் பேர்பெற்ற உதாரணம்: 6.4 லீற்றர், 325 குதிரைவலு. ஆனால் அக்கால எண்களை அப்படியே நம்பக்கூடாது. காற்று வடிகட்டி, காரில் வரும் புகைக்குழாய் போன்றவை இல்லாமல், எஞ்சினைத் தனியே நிறுத்தி அளந்த மொத்த வலு அது. 1972 முதல் எல்லாம் பூட்டிய நிலையிலான நிகர வலுவே அறிவிக்கப்பட்டது. வியாபாரத்தில் மொத்த வருமானத்துக்கும் நிகர இலாபத்துக்கும் உள்ள வித்தியாசம் போன்றது இது.

தெருவில் ஓடும் காருக்கு, 6000 சுற்றில் கிடைக்கும் உச்ச வலுவால் பெரிய பயன் இல்லை. 1500 முதல் 4000 சுற்றுக்குள் கிடைக்கும் முறுக்குவிசைதான் அன்றாடம் உதவும்.

கியரும் பின் அச்சும்

எங்கள் காரில் இருந்தது ரேர்போ 350 என்ற மூன்று கியர்த் தானியங்கிப் பெட்டி. முதல் கியர் விகிதம் 2.52, பின் அச்சு விகிதம் 3.08. இரண்டையும் பெருக்கினால் 7.76. அதாவது எஞ்சினின் முறுக்குவிசை முதல் கியரில் சுமார் எட்டு மடங்காகப் பின் சில்லுக்குப் போகிறது. 26 அங்குல ரயரில் மணிக்கு 100 கிலோமீற்றர் ஓடும்போது எஞ்சின் நிமிடத்துக்குச் சுமார் 2470 சுற்று சுற்றும்.

இதற்குப் பதிலாக, 1982இல் அறிமுகமான 700ஆர்4 என்ற நான்கு கியர்ப் பெட்டியையும் 3.73 பின் அச்சையும் எடுங்கள். முதல் கியர் 3.06, பெருக்கினால் 11.41. புறப்படும் விசை ஏறக்குறைய அரைப்பங்கு கூடுகிறது. நான்காவது கியரின் விகிதம் 0.70 என்பதால் நெடுஞ்சாலையில் சுற்று 2100க்கு இறங்குகிறது. எஞ்சினைத் தொடாமலேயே இழுவையும் கூடுகிறது, இரைச்சலும் குறைகிறது. பழைய பெட்டியை வைத்துக்கொண்டு 3.73 மட்டும் போட்டால் அதே வேகத்தில் சுற்று 3000ஐ எட்டும். நீண்ட பயணத்தில் காது வலிக்கும்.

இரண்டு எச்சரிக்கைகள். 700ஆர்4 பெட்டியையும் கார்பரேற்றரையும் இணைக்கும் கேபிளைச் சரியாகச் சீர்செய்யாவிட்டால் பெட்டி விரைவில் கருகிவிடும். அடுத்து, கமாரோவில் 10 போல்ட், 12 போல்ட் என இருவகைப் பின் அச்சுகள் வந்தன. வலுவை அதிகம் கூட்ட எண்ணினால் உறுதியான 12 போல்ட் வேண்டும்.

எஞ்சின்: தொகுதியாகவே வாங்குங்கள்

எங்கள் மகன் முதலில் வாங்கியது பெரிய கேம் தண்டு. அதன் முரட்டுச் சத்தம் அவனுக்குப் பிடித்திருந்தது. ஆனால் அத்தகைய கேம், எஞ்சின் மெதுவாக ஓடும்போது உள்ளே உண்டாகும் வெற்றிடத்தைக் குறைத்துவிடும். பிறேக்கின் உதவிவிசை அந்த வெற்றிடத்தில்தான் தங்கியிருக்கிறது. ஒருநாள் சிவப்பு விளக்கில் பெடல் கல்லாக இறுகி, கார் பாதசாரிக் கடவைக்குள் போய்த்தான் நின்றது. பக்கத்து இருக்கையில் தாய் இருந்தார். கடவையில் ஒருவரும் இல்லாதது எங்கள் அதிர்ஷ்டம். அந்தக் கேமைக் கழற்றிவிட்டோம். அந்தக் காசு திரும்பவில்லை.

கேம், சிலிண்டர் தலை, உள்ளிழுகுழாய், புகைக்குழாய் நான்கும் ஒரே சுற்றெல்லைக்குப் பொருந்த வேண்டும். 350 கன அங்குல எஞ்சினுக்கு மிதமான கேமும் அலுமினியத் தலைகளும் தெருவுக்குப் போதும். இன்னும் வேண்டுமானால், சிலிண்டரை 0.030 அங்குலம் விரித்து 3.75 அங்குல வீச்சுள்ள கிராங்க் தண்டைப் பூட்டினால் அதே எஞ்சின் 383 ஆகும். கீழ்ச்சுற்று முறுக்குவிசை நன்றாகக் கூடும். 1997இல் வந்த எல்.எஸ். வகை எஞ்சினைப் பூட்டுவோரும் உண்டு. அதற்கு எஞ்சின் விலையோடு கணினி, மின்வயர்த் தொகுதி, எரிபொருள் பம்பி, தாங்கிகள் ஆகியவற்றின் விலையையும் கூட்டிப் பாருங்கள்.

செலவின் ஒழுங்கு

1. பிறேக், ரயர், ஸ்ரியறிங். முன் சில்லில் ட்ரம் பிறேக் இருந்தால் டிஸ்க் ஆக்குங்கள். 1967க்கு முந்திய பல கார்களில் பிறேக் எண்ணெய்ப் பாதை ஒன்றே. ஒரு குழாய் வெடித்தால் பிறேக் முழுவதும் போய்விடும்.
2. ரேடியேற்றர், எரிபொருள் குழாய்கள்.
3. கியர்ப்பெட்டி, பின் அச்சு.
4. கடைசியாக எஞ்சின்.

செய்யும் மாற்றங்களைக் காப்புறுதிக்காரருக்கு எழுத்தில் அறிவித்து, பற்றுச்சீட்டுகளைக் கோப்பில் வையுங்கள். மறைத்தால் விபத்தின்போது இழப்பீடு மறுக்கப்படலாம். இத்தகைய கார்களுக்குப் பெறுமதியை முன்கூட்டியே ஒப்புக்கொள்ளும் காப்புறுதித் திட்டங்களும் உண்டு, விசாரியுங்கள்.

போட்ட காசு விற்கும்போது முழுதாகத் திரும்பும் என்று எண்ணவேண்டாம். எங்கள் ஏட்டில் இதை முதலீடு என்று எழுதவில்லை, செலவு என்றே எழுதியிருக்கிறோம். இப்போது கோடையில் ஞாயிறு தோறும் மகன் ஓட்ட, தாய் முன் இருக்கையில் ஏறுகிறார். பிறேக்கை முதலில் ஒருதரம் அமத்திப் பார்க்கச் சொல்லிவிட்டுத்தான் பெல்ற்றைப் போடுவார்.