பெரட்டுக் களத்திலிருந்து மாவட்ட அட்டவணைக்கு: பேராக் தோட்டத் தமிழரை எண்ணிய வரலாறு

1891ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இன்றைய மலேசியாவின் பேராக் மாநிலத்தின் மக்கள்தொகை ஏறத்தாழ 2,14,000. 1901இல் அது 3,30,000ஐத் தொட்டது. ஆண்டுக்குச் சராசரி 4.3 விழுக்காடு. அதே வேகம் நீடித்திருந்தால் பதினாறே ஆண்டுகளில் மக்கள்தொகை இரட்டித்திருக்கும். 2010க்கும் 2020க்கும் இடையில் இதே மாநிலம் 23.5 இலட்சத்திலிருந்து ஏறத்தாழ 25 இலட்சமானது. ஆண்டுக்கு 0.6 விழுக்காடு, இந்த வேகத்தில் இரட்டிக்க நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகும்.

இவ்விரண்டு விகிதங்களையும் அருகருகே வைத்துப் பேசுவது வழக்கமாகிவிட்டது. ஆனால் அவை அளப்பது ஒன்றையல்ல. ஓரிடத்தின் மக்கள்தொகை மாற்றம் என்பது பிறந்தோரையும் வந்தோரையும் கூட்டி, இறந்தோரையும் போனோரையும் கழித்தால் வருவது. 1890களின் பேராக்கில் பெருக்கம் கப்பலில் வந்திறங்கியது. கிந்தா பள்ளத்தாக்கின் ஈய லம்பங்களுக்கு, அதாவது சுரங்கங்களுக்கு, சீன ஆண்களும், கரும்பு, காப்பித் தோட்டங்களுக்குத் தமிழ் ஆண்களும் வந்தார்கள். இன்றைய 0.6 விழுக்காட்டிலோ ஊரில் பிறந்த பிள்ளைகளும், படித்து முடித்துக் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போன பிள்ளைகளும் ஒருவரையொருவர் கழித்துக்கொண்டு கிடக்கிறார்கள். பேராக்கின் தோட்டத் தமிழர் வரலாற்றை எழுத முனைபவர் இந்தக் கழித்தலைப் பிரித்துப் பார்த்தே ஆக வேண்டும் என்பது என் வாதம்.

1877இல் பேராக்கின் பிரித்தானிய ரெசிடென்ட் ஹியூ லோ கோலகங்சாரில் ரப்பர் கன்றுகளை நட்டார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர் விலை ஏறியதும் ஆள்தேவை பெருகியது. 1907இல் தமிழர் குடியேற்ற நிதி ஏற்படுத்தப்பட்டு, தொழிலாளரின் கப்பல் செலவைத் தோட்ட முதலாளிகள் பொதுவில் பகிர்ந்துகொண்டனர். 1910இல் ஒப்பந்தக் கூலி முறை முடிவுக்கு வர, கங்காணி முறை மேலோங்கியது. தன் ஊருக்குப் போய் உறவையும் அண்டை அயலையும் கங்காணி அழைத்து வந்ததால், பெண்களும் குடும்பங்களும் மெல்லக் கூடின. 1931இல் மலாயா இந்தியரில் ஆயிரம் ஆண்களுக்கு ஏறத்தாழ ஐந்நூறு பெண்களே இருந்தனர். 1957இல் அது 750ஐ ஒட்டி வந்தது. வந்து போகும் கூட்டம் குடியிருக்கும் சமூகமானதை இந்த ஓர் எண் காட்டும் அளவுக்கு வேறெதுவும் காட்டவில்லை.

அந்தக் காலத்தில் தமிழரை எண்ணுவது எளிது. இருள் பிரியுமுன் மணியடிக்கும். பால்வெட்டும் ஆணும் பெண்ணும் ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டுக் களத்தில் வரிசையாக நிற்பார்கள். கிராணி என்ற எழுத்தர் கையில் செக்ரோல் என்ற வருகைப் பதிவேடு. பெயர் கூப்பிட, ஆள் குரல் கொடுக்க, அன்றைய கட்டத்தில் ஒரு குறி விழும். குறி விழாதவருக்கு அன்று கூலியில்லை. எந்த லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) எந்த வீட்டில் யார், யாருக்குப் பேறுகாலம், ஆயாக்கொட்டகையில் எத்தனை குழந்தைகள் என்பதெல்லாம் தோட்ட அலுவலகத்துக்குத் தெரியும். பத்தாண்டுக்கு ஒருமுறை கணக்கெடுப்பு வந்தபோது தோட்டம் தானே ஓர் எண்ணும் அலகாக அமைந்ததற்குக் காரணம் இதுதான். எண்ணியவர் கூலிக்காகவே எண்ணினார். ஆனாலும் அந்தத் துல்லியம் பின்னாளில் தமிழருக்கு எந்த அரசுப் பதிவேட்டிலும் கிடைக்கவில்லை.

1931 ஏப்ரல் 1, 1947 செப்டம்பர் 23 ஆகிய இரு கணக்கெடுப்பு நாள்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். 1941இல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு போரால் நடக்கவில்லை. அந்தப் பதினாறரை ஆண்டுகளில், சிங்கப்பூர் உட்பட்ட மலாயாவின் மொத்த மக்கள்தொகை ஏறத்தாழ 43.5 இலட்சத்திலிருந்து 58.5 இலட்சமாக உயர்ந்தது. இந்தியர் தொகை மட்டும் ஏறத்தாழ 6,22,000இலிருந்து ஆறு இலட்சத்துக்குச் சற்றுக் கீழே இறங்கியது. பார்வைக்கு இது சிறிய சரிவு. பிறப்பு இறப்பு போக ஆண்டுக்கு ஒரு விழுக்காடு இயற்கைப் பெருக்கம் இருந்ததாக மிகக் குறைவாக வைத்துக்கொண்டால்கூட, 1947இல் 7,30,000 பேர் இருந்திருக்க வேண்டும். அப்படியானால் அட்டவணையில் காணாமற்போனோர் 1,30,000 பேருக்கு மேல்.

இவர்களில் ஒரு பகுதியினர் ஊர் திரும்பியவர்கள். 1930களின் தொடக்கத்தில் ரப்பர் விலை வீழ்ந்தபோது இலட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர் திருப்பி அனுப்பப்பட்டனர். விலை தேறியதும் சிலர் மறுபடி வந்தார்கள். 1938இல் இந்திய அரசு உதவிபெற்ற கூலிக் குடியேற்றத்தைத் தடைசெய்ய, அந்த வழியும் அடைபட்டது. மற்றொரு பகுதியினர் திரும்பவே இல்லை. ஜப்பானியர் ஆட்சியில் தோட்டங்களிலிருந்து சயாம்-பர்மா ரயில்பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டு, காலராவிலும் பட்டினியிலும் அங்கேயே மாண்டவர்கள் அவர்கள். கணக்கெடுப்பு அறிக்கையில் ஊர் போனவரும் காட்டில் செத்தவரும் ஒரே கழித்தல் குறிக்குள் அடங்கிவிடுகிறார்கள். தோட்டத்துக் குடும்பங்கள் தங்கள் நினைவில் இவ்விருவரையும் ஒருநாளும் குழப்பிக்கொண்டதில்லை.

1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பிய நிர்வாகிகள் கம்யூனிஸ்ட் கிளர்ச்சியாளரால் கொல்லப்பட்டதை ஒட்டி, கிளர்ச்சியை ஒடுக்கும் அவசரகாலம் தொடங்கியது. ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர், பெரும்பாலும் சீனர், புதுக்கிராமங்களுக்கு மாற்றப்பட்டனர். சிதறிக் கிடந்த லயங்களும் கம்பிவேலிக்குள் ஒன்றுசேர்க்கப்பட்டன. 1947, 1957 கணக்குகளை மட்டும் வைத்துக்கொண்டு இந்த இடப்பெயர்வை அளந்தால், நகரங்கள் தாமாக வளர்ந்தன என்ற தவறான முடிவுக்கே வர நேரும்.

1957இல் பேராக்கில் இந்தியர் ஏறத்தாழ 15 விழுக்காடு. மலாயா இந்தியரின் குடியேற்றத்தைக் கணக்கெடுப்பு ஏடுகளிலிருந்து வரைபடங்களாக்கிய புவியியலாளர் கெர்னியல் சிங் சந்துவின் 1969ஆம் ஆண்டு நூல் 1786இல் தொடங்கி இந்த 1957இல் நின்றுவிடுகிறது. தோட்டங்கள் உடையத் தொடங்கியதும் அந்தக் காலத்தில்தான். ஐரோப்பியக் கம்பெனிகள் விற்ற தோட்டங்கள் துண்டாடப்பட்டுச் சிறு முதலாளிகளின் கைக்குப் போயின. அதைத் தடுக்கவே சுங்கை சிப்புட்டின் பிரதிநிதியான துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தொழிலாளரின் பணத்தில் தோட்டங்களை வாங்கினார். 1969இல் குடியுரிமை இல்லாதோருக்கு வேலை அனுமதிச் சீட்டு கட்டாயமானபோது ஏறத்தாழ 60,000 இந்தியர் நாட்டைவிட்டுப் போனதாகக் கூறப்படுகிறது. பிறகு செம்பனை வந்தது. ரப்பரைவிடக் குறைந்த ஆட்களே அதற்குப் போதும். அந்த வேலைக்கும் அயல்நாட்டுத் தொழிலாளர் வந்தனர்.

தோட்டம் கலைந்தபோது அளவுகோலும் மாறிக்கொண்டிருந்தது. 1957இல் ஆயிரம் பேர் வாழும் இடம் நகரம் எனப்பட்டது; 1970இல் பத்தாயிரம் பேர் தேவைப்பட்டனர்; 1991இல் ஒட்டிய கட்டடப் பகுதிகளும் நகரக் கணக்கில் சேர்ந்தன. 1957இல் இந்தியர் தொகுதிக்கு வெளியே இருந்த இலங்கைத் தமிழர் 1970இல் அதற்குள் வந்தனர். 1980 வரை கணக்கு நாளன்று இருந்த இடத்தில் ஆளை எண்ணினர். 1991 முதல் வழக்கமாக வாழும் இடத்தில் எண்ணுகிறார்கள். ஆகவே ஒரு தமிழ்க் குடும்பம் அசையாமல் ஒரே இடத்தில் இருந்தும் கிராமத்தாரிலிருந்து நகரத்தாராக மாறியிருக்க முடியும்.

ஈப்போவும் இப்படித்தான் கவனமாகப் படிக்கப்பட வேண்டிய நகரம். 1937இல் தைப்பிங்கிடமிருந்து மாநிலத் தலைநகர்த் தகுதியைப் பெற்றது, 1985இல் ஈயச் சந்தை சரிந்து லம்பங்கள் மூடின, 1988இல் மாநகரமானது. வேலை போன காலத்திலும் எண்ணிக்கை கூடியது. தோட்டங்களை இழந்தவர்கள் வந்து சேர்ந்ததும் அதற்கு ஒரு காரணம் என்று கருதுகிறேன். இந்தியர் செறிந்து வாழும் புந்தோங் பகுதி கச்சான் பூத்தே என்னும் கடலைத் தின்பண்டங்களுக்குப் பெயர்போனது; அந்த வணிகத்தைத் தொடங்கியோர் எட்டயபுரம் வட்டாரத்திலிருந்து வந்தவர்கள். அங்கே வந்து சேர்ந்த தோட்டத்துக் குடும்பம் எந்தத் தோட்டத்தைவிட்டு வந்தது என்பதை மாவட்ட அட்டவணை சொல்லாது.

அதைச் சொல்லக்கூடிய ஏடு ஒன்று உண்டு: தமிழ்ப்பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு. 1957இல் நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று ஏறத்தாழ 530. அவற்றில் மிக அதிகமானவை பேராக்கில்தான். 150 மாணவருக்குக் கீழ்ப்பட்டால் அது குறைந்த மாணவர் பள்ளி. பல பள்ளிகளின் பெயர்ப்பலகையில் 'தோட்டம்' என்ற சொல் இன்னும் இருக்கிறது. சுற்றிலும் பால்மரம் ஒன்றுகூட இல்லை, லயம் இல்லை, பெற்றோர் மோட்டார் சைக்கிளிலும் வேனிலும் பிள்ளைகளைக் கொண்டுவந்து விடுகிறார்கள். பிள்ளையின் பெயர், பிறந்த தேதி, தந்தையின் தொழில், வீட்டு முகவரி என்று பதிவேட்டின் கட்டங்கள் நீளும். ஆண்டு வரிசையில் புரட்டினால் ஒரு பக்கத்தில் 'பால்வெட்டு', பல பக்கங்கள் தள்ளி 'லாரி ஓட்டுநர்', 'தொழிற்சாலை'. முகவரியில் லயத்து எண் போய்த் தாமான் (குடியிருப்புப் பகுதி) பெயர் வருகிறது. பள்ளி மூடப்படும்போது இந்த ஏடுகள் எங்கே போகின்றன என்பதைத்தான் பேராக்கின் மக்கள்தொகையை ஆய்பவர் முதலில் கேட்க வேண்டும்.